மூணு மந்திரச் சாமியார்

அவரை நினைத்தால் எனக்கு முகம் முதலில் வருவதில்லை. கைதான் வருகிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் உட்கார்ந்து, துளை போட்ட பலகையின் மேல் வலது உள்ளங்கையை அகல விரித்து வைத்திருப்பார். அந்தப் பக்கம் முழங்காலில் இருக்கும் ஆள் பேசப் பேசப் பலகை லேசாக அதிரும். அதிர்வு நின்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். உடனே கையை எடுத்துச் சிலுவை வரைந்து, லத்தீனில் மன்னிப்பைச் சொல்லிவிட்டு, "மூணு அருள் நிறைந்த மரியே சொல்லிக்க" என்பார். மெல்லச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. கோயிலின் கடைசித் தூண் வரைக்கும் கேட்கும்.

காது கேட்காத சாமியார் அவர். சின்ன வயதில் மலையடிவாரத்துக் கோயில் பங்குகளில் இருந்தபோது குளிர்காய்ச்சலுக்குத் தின்ற கொய்னா மாத்திரைதான் காதை அடைத்துவிட்டது என்று சொல்வார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. திண்டுக்கல்லில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் மூணு மந்திரச் சாமியார்தான். கோழி திருடினவனுக்கும் மூணு, கொழுந்தனோடு சண்டை போட்டவளுக்கும் மூணு.

எங்கள் வேதத்தில் இல்லாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போய், தொட்டி என்று நாங்கள் சொல்லும் அந்த மரக்கூண்டின் பக்கத்தில் முழங்காலிட்டு, செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்ல வேண்டும். அவர் மன்னித்து, அபராதமாகச் சில செபங்களை, மந்திரம் என்போம் நாங்கள், சொல்லச் சொல்வார். அங்கேயே பீடத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து அதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம்.

வரிசையில் நிற்கிறவர்களுக்கு இதில் ஒரு வேலை உண்டு. யார் எவ்வளவு நேரம் முழங்காலில் இருக்கிறார்கள் என்று பார்ப்பது. பங்குச் சாமியாரை நாங்கள் பெரிய சாமியார் என்போம். நல்லவர், கண்டிப்பானவர். பாவத்துக்குத் தக்கபடி அபராதம் கொடுப்பார். அதனால் அவருடைய தொட்டியிலிருந்து எழுந்துவந்த பெண் செத்த நேரம் கூடுதலாக முழங்காலில் இருந்தால் போதும், திங்கட்கிழமை புகையிலைக் கிட்டங்கியில் பேச்சு ஆரம்பித்துவிடும். "என்னடி, எந்திரிக்கவே இல்ல. அம்புட்டு இருந்துச்சா?" என்பார்கள். மூணு மந்திரச் சாமியாரிடம் அந்தப் பயம் இல்லை. அவர் காதில் எதுவும் விழாது. எல்லாருக்கும் ஒரே அளவு அபராதம். யாரும் யாரையும் அளக்க முடியாது. அதனால் பெரிய சாமியார் பக்கம் நாலைந்து பேர் நின்றால், இவர் பக்கம் வரிசை வாசல்படி இறங்கி, வெளியே மாதா சுரூபம் வைத்த கெபி வரைக்கும் போகும்.

என் அப்பா அந்தக் கோயிலின் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, பூசைக்கு எல்லாம் எடுத்து வைப்பது அவர் வேலை. கோயிலுக்குப் பின்னால்தான் வீடு. நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டு, பீடத்துணிகளைத் துவைத்து இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தேன். யாரோடும் வாய் திறந்து பேச வராது எனக்கு. சபையில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நானும் மூணு மந்திரச் சாமியாரிடம்தான் போவேன். அங்கேயும் எனக்குக் குரல் வராது. உதட்டை மட்டும் அசைப்பேன். பலகை அதிராது. அவர் பாவம், ஆள் வந்து பேச ஆரம்பிக்கவில்லை என்று கையை வைத்துக்கொண்டே காத்திருப்பார். முடிந்ததும் நான் ஒரு விரலால் பலகையைத் தட்டுவேன். தட்டல் கையில் பட்டால் வந்தது கோயில்பிள்ளை மகள் என்று அவருக்குத் தெரியும். பலகைத் துளைகளுக்குப் பின்னால் அவர் சிரிப்பது தெரியும்.

பெரிய சாமியார் ஒருநாள் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்ததை நான் துணி மடித்தபடி கேட்டேன். இவருக்கு வயதாகிவிட்டது, பிரசங்கம் வைக்க முடியவில்லை, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்தினால் பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடுகிறார்கள், சாகக் கிடக்கிறவர்களிடம் அனுப்பினால் அவர்கள் கடைசியாகச் சொல்வது இவருக்குக் கேட்பதில்லை. சனிக்கிழமை இந்த வரிசை ஒன்றுக்காகத்தான் வைத்திருக்கிறேன் என்றார். இதுவும் இல்லை என்றால் மலையில் வயதான சாமியார்களுக்கு நடத்துகிற இல்லத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

அது அவருக்கும் தெரியும். அந்த இல்லத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே தலையை ஆட்டிக்கொண்டு, "அங்க எல்லாருமே சாமியாரு. அங்க போயி ஆருக்கு ஆரு மன்னிக்கிறது?" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சொல்லி முடித்ததும் எழுந்து போய், தன் தொட்டியைத் தானே ஒரு துணியால் துடைக்க ஆரம்பிப்பார். துடைக்க அதில் தூசி எதுவும் இருக்காது.

ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி தன் ஊருக்குப் போய்த் திரும்பியபோது அவருக்கு ஒரு காது மிஷின் கொண்டுவந்து கொடுத்தார். சோப்புப் பெட்டி அளவில் ஒரு டப்பா. அதை அங்கியின் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு வயர் மேலே ஏறி, காதில் ஒரு மொட்டுக்குள் முடியும். டப்பாவின் ஓரத்தில் பல்சக்கரம் போல ஒன்று. அதைத் திருகினால் சத்தம் கூடும்.

அந்த முதல் வாரம் அவர் தூங்கினாரா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்று, அம்மா வெங்காயம் வதக்குவதைக் கேட்டார். கோயில் கூரையில் இவ்வளவு புறாக்கள் இருப்பது தெரியாது என்றார். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாச் சத்தமும் அவர் நெஞ்சுப் பைக்குள்ளிருந்துதான் வந்தது. அப்பா இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் வலப்பக்கம் திரும்பி, அங்கிருந்த சூசையப்பர் சுரூபத்தைப் பார்த்து, "என்னப்பா?" என்பார். நடந்தால் அங்கித் துணி டப்பாவில் உரசி மழை பெய்வது போல இரையுமாம். அதனால் பையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகினார். நெஞ்சு வலி வந்தவர் போல இருக்கும். எல்லாவற்றையும்விடத் தன் குரல் கேட்டுத்தான் பயந்துபோனார். "இம்புட்டுச் சத்தமாவா பேசிக்கிட்டிருந்தேன்?" என்று அப்பாவைக் கேட்டார். அன்றிலிருந்து தணிந்து பேச ஆரம்பித்தார்.

அந்தச் சனிக்கிழமை தொட்டிக்குள் போனார். பையில் இருந்தால் பலகைக்கு அப்பால் கிசுகிசுப்பது கேட்காது என்பதால், டப்பாவை வெளியே எடுத்து, துளைகளுக்கு நேராகக் கையில் பிடித்துக்கொண்டார். வரிசையில் முதலில் நின்றவர் புகையிலைக் கிட்டங்கியில் காம்பு கிள்ளும் ஒரு அம்மா. வழக்கம்போல மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். நடுவில் சாமியார், தணிந்த குரலில், ஏதோ ஒன்றைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்.

அந்த அம்மா எழுந்து வந்தபோது முக்காடு நழுவியிருந்தது. அதைச் சரி செய்யக்கூடத் தோன்றவில்லை. வரிசையில் அடுத்து நின்றவளிடம், "சாமிக்குக் கேக்குதுடி" என்றார்.

அவ்வளவுதான். யாரும் ஓடவில்லை, சத்தம் போடவில்லை. வரிசையின் வால் முதலில் அசைந்தது. கெபிப் பக்கம் நின்றவர்கள் ஏதோ மறந்துவிட்டவர்கள் போல வீட்டுக்குத் திரும்பினார்கள். உள்ளே இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கோயிலின் நடுப்பாதையைக் கடந்து பெரிய சாமியார் பக்கம் போய் நின்றார்கள். அவர் கேட்பவர்தான், ஆனால் கேட்பவர் என்று தெரிந்து சொல்வதற்குச் சனங்களிடம் தனியாக ஒரு கணக்கு இருந்தது. எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்று.

அடுத்த வாரத்துக்குள் இன்னொரு பேச்சும் கிளம்பிவிட்டது. நாகல் நகர்ப் பக்கமிருந்து வரும் ஒருவர், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்ப்பவர், காப்பிக் கடையில் ரேடியோவைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். அந்த டப்பா பாதி ரேடியோ என்று அவர் சொல்லிவிட்டார். ரேடியோவில் பேசுகிறவன் எங்கேயோ இருக்க, இங்கே கேட்கிறது. அப்படியென்றால் இங்கே பேசினால் எங்கேயோ கேட்கத்தானே வேண்டும்? அந்த எங்கேயோ, சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாரின் வீடு என்று முடிவாகிவிட்டது.

அப்பா எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "ஏப்பா, வயரு அவரு காதுக்குத்தான போகுது? கண்ணால பாக்குறீகல்ல?"

"காதுக்கு ஒரு வயரு போகுது, கோயில்பிள்ளை," என்றார் அந்த ஆள். "கண்ணுக்குத் தெரியாமப் போறது எத்தனையோ. ரேடியோவுக்கு எந்த வயரு மெட்ராசுலருந்து வருது?"

அப்பா மணியடிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும். நேரத்துக்கு வந்து, ஊதாப் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். எதிரே பெரிய சாமியாரின் வரிசை மெல்ல நகரும். ஆட்கள் இருமுவார்கள், பிள்ளைகள் அழும். இவர் பக்கம் ஒரு ஆளும் இருக்காது. சில நேரம் காதிலிருந்த மொட்டு தளர்ந்து, மிஷின் கீச்சென்று விசில் அடிக்கும். ஆளில்லாத கூண்டுக்குள்ளிருந்து அந்த விசில் வரும்போது வரிசையில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர் அதை அடக்க டப்பாவைப் பொத்துவார். பொத்தப் பொத்த அது கூடத்தான் செய்யும். விளக்கு வைக்கும் நேரத்தில் வெளியே வந்து, பட்டையை மடித்து என்னிடம் கொடுப்பார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வாங்கிக்கொள்வேன். நானும் அவரிடம் போவதை நிறுத்தியிருந்தேன். கேட்கும் காதுக்கு முன்னால் எனக்கு உதடுகூட அசையாது.

ஒருநாள் பூசை உடுப்பு அறையில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தார்.

"ஏத்தா, உங்கப்பன் மழுப்புறான். நீ சொல்லு. ஏன் ஒருத்தரும் எம் பக்கம் வாரதில்ல?"

என் வாய் அசைந்ததே தவிர ஒன்றும் வரவில்லை. அவர் பையிலிருந்து டப்பாவை எடுத்து என் பக்கம் நீட்டிப் பிடித்தார். நான் பேசுவதற்காக ஒருவர் ஒரு பொருளை என் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவை.

"உங்களுக்குக் கேக்காதுன்னுதான் சாமி இம்புட்டு வருசமும் வந்தாங்க" என்றேன்.

அவர் திடுக்கிடவில்லை.

"அது தெரியும், தாயி. காதுதான போச்சு, கண்ணு இருக்குல்ல? தெரிஞ்சுதான் மூணுக்கு மேல குடுக்கல. கேக்காத பாவத்துக்கு அதுக்கு மேல குடுக்க நா ஆரு?" செத்த நேரம் டப்பாவின் சக்கரத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார். "ஆனா கேக்காம மன்னிச்சது செல்லுமா செல்லாதான்னு ஒரு பயம் எனக்கு எப்பவும் உண்டு. இந்த மிஷின் வரவும், சரி, இனிமே கேட்டே மன்னிப்பம்னு இருந்தேன். இப்பக் கேக்குது. ஆளில்ல."

தபசுகாலம் வந்தது. பாஸ்கா என்கிற உயிர்ப்புத் திருநாளுக்கு முன்னால் ஊரில் இருக்கும் அத்தனை பேரும் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். ஒரே வரிசை தெருவரைக்கும் நின்றது. பெரிய சாமியார் கால் மரத்துப்போகும் வரை உட்கார்ந்தார். பாஸ்கா முடியட்டும், இவரை மலைக்கு அனுப்பிவிட்டு ஒரு இளஞ்சாமியாரைக் கேட்டு வாங்குகிறேன் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா முகத்தைப் பார்த்தே மூணு மந்திரச் சாமியார் அதைத் தெரிந்துகொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் கோயிலுக்குள் நடந்து வந்து, வரிசைக்கு முன்னால், எல்லாரும் பார்க்கும் இடத்தில் நின்றார். காதிலிருந்து மொட்டைப் பிடுங்கினார். வயரைச் சுற்றினார். டப்பாவை வெளியே எடுத்து, கோயில்பிள்ளை கையில் கொடுத்தார். அப்பா அதைப் பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதிப் பக்கத்து மெழுகுதிரி மேசையில், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தார். சாமியார் தொட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பலகையின் மேல் கையை வைத்தார்.

மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் போவது போல வரிசை இடம் மாறியது.

அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கோயிலுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றுவது போல அவர் காதைக் கழற்றினார். பெரிய சாமியார் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்துவிட்டார். அனுப்பும் பேச்சு நின்றது. "மூணு அருள் நிறைந்த மரியே" மறுபடியும் கடைசித் தூண் வரை கேட்டது. நானும் போய் உதட்டை அசைத்துவிட்டுப் பலகையைத் தட்டினேன். ஆனால் இப்போது அவர் சிரிக்கவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் அவர் பார்வை மேசை மேல் கிடந்த டப்பாவின் மேல் போய் நிற்கும். வெளியிலிருந்து யாரோ பூட்டிய அறை போல இருந்தது அந்தத் தொட்டி. பூட்டியது நாங்கள்தான். சாவி எல்லார் கண்ணுக்கும் முன்னால் மேசையில் கிடந்தது.

பாஸ்காவுக்கு முந்தின பெரிய வாரம் தொடங்கும் முன் வந்த சனிக்கிழமை. கன்னிவாடிப் பக்கத்திலிருந்து காய் கொண்டுவந்து போட்ட வண்டியில் வந்த ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு வரிசையில் நின்றாள். எங்கள் பங்குக்குப் புதியவள். இந்த ஏற்பாடெல்லாம் அவளுக்குத் தெரியாது. நீளமான வரிசை நல்ல சாமியாருடையதாக இருக்கும் என்று நினைத்து நின்றிருக்க வேண்டும். அவள் முறை வந்தது. முழங்காலிட்டாள். நெடுநேரம் ஆயிற்று. வரிசையில் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். அவள் தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது.

தொட்டியின் கதவு திறந்தது. பாவசங்கீர்த்தனம் நடக்கும்போது நடுவில் சாமியார் வெளியே வந்து நாங்கள் பார்த்ததில்லை. அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். மேசைக்குப் போனார். அப்பா பக்கத்தில் நான் திரிகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன்.

"பலகை நிக்க மாட்டேங்குது, கோயில்பிள்ளை" என்றார். அவர் வழக்கமான பெரிய குரலில்தான். கோயில் முழுக்கக் கேட்டது.

அப்பா வேண்டாம் என்பது போலத் தலையசைத்து, கண்ணால் வரிசையைக் காட்டினார். அவர் வரிசையைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அத்தனை பேரையும் அவருக்குத் தெரியும். பிறகு டப்பாவை எடுத்தார். மொட்டை இரண்டு மூன்று தடவை அழுத்திக் காதில் உட்கார வைத்தார். ஒருமுறை விசில் அடித்தது. டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு திரும்பி நடந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தப் பெண் என்ன சொன்னாள், அவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. அவள் எழுந்து வந்தபோது எல்லாக் கண்ணும் அவள் எவ்வளவு நேரம் முழங்காலில் இருப்பாள் என்று பார்த்தன. அவள் முழங்காலே இடவில்லை. பக்கத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அப்படியே தூங்கிப்போனாள். எத்தனை நாள் தூக்கமோ.

வரிசை அதற்குள் எதிர்ப்பக்கம் போயிருந்தது. அடுத்த வாரம் அவர் டப்பாவை மேசையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார். ஆனாலும் யாரும் வரவில்லை. "கழட்டி வச்ச மனுசன் நடுவுல எந்திரிச்சு வந்து மாட்டுனாலும் மாட்டுவாரு" என்று சொல்லிக்கொண்டார்கள். பாஸ்கா கழிந்ததும் ஒரு தகரப் பெட்டியும் படுக்கையும் பேருந்தின் மேல் ஏறின. வழியனுப்ப அப்பாவும் பெரிய சாமியாரும் நானும்தான் நின்றோம்.

அந்த வருசக் கடைசியில் அப்பா அவரைப் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். செம்பட்டி தாண்டி, மலையேறி, குளிரில் இறங்கினோம். நீளமான ஒரு வராந்தாவில் சுவரோரம் பெஞ்சுகள். கம்பளி போர்த்திய சாமியார்கள் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. கடைசிப் பெஞ்சில் அவர். காதில் மொட்டு இருந்தது, வயர் கம்பளிக்குள் போயிற்று.

அப்பா பக்கத்தில் போய் ஸ்தோத்திரம் சொன்னார். அவர் திரும்பவில்லை. அப்பா குனிந்து கண்ணுக்கு நேரே வந்த பிறகுதான் முகம் மலர்ந்தது. மிஷினைக் காட்டி என்ன ஆயிற்று என்று அப்பா கையால் கேட்டார்.

"செல்லு தீந்து மாசக் கணக்காச்சு. அந்தச் சிஸ்டரும் சீமைக்குப் போயிட்டாங்க. இங்க எங்க கெடைக்குது?" என்றார் பெரிய குரலில். "இருந்தாலும் மாட்டியிருக்கேன். கழட்டிட்டா, கேக்க மாட்டான்னு நெனச்சு எவனும் பக்கத்துல வரமாட்டான்ல."

அப்பா அங்கிருந்த பொறுப்பாளரைப் பார்க்க உள்ளே போனார். நான் பெஞ்சின் இந்த ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் பையிலிருந்து டப்பாவை எடுத்து என் பக்கம் நீட்டினார். அது செத்த டப்பா என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இன்னொரு கையை எங்கள் இருவருக்கும் நடுவில் பெஞ்சுப் பலகையின் மேல் விரித்து வைத்தார்.

நான் வாயைத் திறந்தேன். உதட்டை மட்டும் அசைக்கவில்லை. இத்தனை வருசமும் உள்ளே கிடந்ததை, என் குரலில், எனக்கே கேட்கும்படி சொன்னேன். பலகை அதிர்ந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

பலகை நின்றது. அவர் கையை எடுக்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மிச்சத்தையும் சொன்னேன்.